ஏ.ஹெச். தெரியாத ஆள்

முப்பத்தாறு வருடமாக பேட்டரி விற்கிறேன். இந்தத் தொழிலில் என்னை நாலு பேர் முன்னால் முதன்முதலாகத் தாழ்த்திப் பேசியவர் ராமலிங்கம் சார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கோவில்பத்தில் வீடு. அவர் பேரை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

காரைக்காலில் பேட்டரிக் கடை வைத்தால் கடலும் வயலும் ஆபீசும் ஒரே வாசலில் வந்து நிற்கும். லாஞ்சுக்காரர், டிராக்டர்காரர், இன்வெர்ட்டர் வைத்த வீட்டுக்காரர், எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஏ.ஹெச்.?" என்பதுதான். ஆம்பியர்-மணி என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். பேட்டரி மேல் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருக்கும். எல்லாரும் கேட்பார்கள்; அதற்கு அர்த்தம் சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேட்டரி விற்றுத் திட்டு வாங்கியவர்களும், பேட்டரி வாங்கிப் புழுக்கத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்குப் புரியும்.

கூலும் எங்கே போகும்?

ஏழு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டப மேனேஜர் கடைக்கு வந்தார். கரண்ட் போனால் மேடை விளக்கு, மின்விசிறி, மைக் எல்லாம் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும், ஜெனரேட்டர் சத்தம் கூடாது என்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பேட்டரியிலிருந்து எழுபத்தைந்து ஆம்பியர் இழுக்கும். நூற்றைம்பது ஏ.ஹெச். ஒன்று போதுமா என்று கேட்டார். போதாது, ஒன்றேகால் மணி நேரம் ஓடினால் அதிகம், இரண்டாகப் போடுங்கள் என்றேன். காருக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க வந்திருந்த ராமலிங்கம் சார் காதில் அது விழுந்தது. எழுபத்தைந்தை இரண்டால் பெருக்கினால் நூற்றைம்பது, இதை மூன்றாவது படிக்கிற பிள்ளை சொல்லும் என்று ஆரம்பித்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஏ.ஹெச். என்பது பேட்டரிக்குள் இருக்கிற மொத்தச் சரக்கு. மெதுவாக எடுத்தால் முழுசாகக் கிடைக்கும், அவசரமாக எடுத்தால் குறையும். அவர் சிரித்தார். அது மின்னூட்டத்தின் அளவு என்றார். ஓர் ஆம்பியர் என்றால் நொடிக்கு ஒரு கூலும் மின்னூட்டம் ஓடுகிறது. அது ஒரு மணி நேரம் ஓடினால் மூவாயிரத்து அறுநூறு கூலும். அதுதான் ஓர் ஆம்பியர்-மணி. உள்ளே நூற்றைம்பது இருந்தால் நூற்றைம்பதும் வந்துதான் ஆக வேண்டும். "வேகமா எடுத்தா மீதிக் கூலும் எங்க போகும்? உங்க கடைக் கூரைக்கா?" என்று கேட்டார். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள்.

கூலும் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்கிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சார் மேனேஜரின் தோளில் கையைப் போட்டு, எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஏ.ஹெச்.னா என்னன்னே தெரியாத ஆள்கிட்ட பேட்டரி வாங்காதீங்க, மேனேஜர்."

முகூர்த்தம்

அந்த வாக்கியத்தை அவர் அதே கடையில் நின்று திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 'கலியபெருமாள் சொன்னதுதான் சரி' என்று என் பேரைச் சொல்லி, நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். எனக்கு அவரிடமிருந்து வரவேண்டியது அவ்வளவுதான். வியாபாரம் போனது பற்றி எனக்குக் கவலையில்லை.

மேனேஜர் வேறு கடையில் நூற்றைம்பது ஒன்று வாங்கி மாட்டினார். மூன்று மாதம் கழித்து ஒரு முகூர்த்த நாள், காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. தாலி கட்ட நேரம் ஏழரைக்கு. ஏழேகாலுக்கு மேடை விளக்கு, விசிறி, மைக் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. நாயனத்துக்கு மைக் தேவையில்லாததால் அது மட்டும் நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு வியர்வையைத் துடைக்க ஒரு ஆள், ஐயருக்கு போன் வெளிச்சம் காட்ட ஒரு ஆள் என்று கல்யாணம் முடிந்தது. முதல் வரிசையில் ராமலிங்கம் சாரும் உட்கார்ந்திருந்தாராம். பேட்டரி மட்டமான கம்பெனி என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாராம்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னிடம் வந்து இரண்டு பேட்டரி எடுத்தார். சார் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். மேனேஜருக்கு யாரையும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "சார் கணக்குல தப்பே இல்லைங்க. பேட்டரிக்குத்தான் வாய்ப்பாடு தெரியல."

சொல்தா ஐயாவின் கைக்கடிகாரம்

என் கடையில் ஒரு பலகை உண்டு. லாரி ஹெட்லைட் பல்பு பத்து அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். ஒரு பல்பு ஐந்து ஆம்பியர் எடுக்கும். சந்தேகப்பட்ட பேட்டரியை இந்தப் பலகையில் மாட்டி, எத்தனை பல்பு எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்ப்பேன். புத்தகம் படிக்காத நான் ஏ.ஹெச். படித்தது அந்தப் பலகையில்தான். மண்டபக் கதைக்குப் பிறகு, புது பேட்டரி ஒன்றைச் சாட்சி வைத்து எரித்துக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

சாட்சிக்கு எதிர்வீட்டுச் சொல்தா ஐயா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் கைக்கடிகாரம் தப்பாது என்பது அவருடைய பெருமை. நூறு ஏ.ஹெச். பேட்டரியில் ஒரே ஒரு பல்பைப் போட்டோம். மதியம் இரண்டு மணிக்குப் போட்டது மறுநாள் காலை பத்து மணி வரை எரிந்தது. ஐந்து ஆம்பியர், இருபது மணி நேரம், நூறும் வந்துவிட்டது. திரும்ப முழுக்கச் சார்ஜ் ஏற்றி, அதற்கடுத்த நாள் பத்து பல்பையும் போட்டோம். சார் கணக்குப்படி இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். ஒரு மணி பதினாறு நிமிடத்தில் மங்கிவிட்டது என்று ஐயா எழுதிக்கொண்டார். நான் பேட்டரியை ஒரு மணி நேரம் சும்மா விட்டேன். பிறகு சுவிட்சைப் போட்டால், செத்ததென்று நினைத்த பேட்டரியில் பத்து பல்பும் மறுபடி சில நிமிடம் எரிந்தன. மீதிக் கூலும் எங்கே போகும் என்பதற்குப் பதில் கண்ணெதிரே இருந்தது. எங்கேயும் போகவில்லை. உள்ளேயே இருந்தது. அவசரத்தில் ஆசிட்டுக்குத் தகட்டின் உட்புறம் வரைக்கும் போக நேரம் கிடைக்கவில்லை. ஓய்வு கொடுத்தால் கிடைக்கிறது. ஸ்டிக்கரின் மூலையில் எறும்பு அளவில் 'சி-20' என்று போட்டிருப்பதும் இதைத்தான் சொல்கிறது. இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த நூறு.

சார் வந்து பார்க்கட்டும், பலகையை இறக்காமல் வைத்திருக்கிறேன் என்று ஐயாவிடமே சொல்லி அனுப்பினேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்குப் பல்பு தேவையில்லை என்று பதில் வந்தது. இயற்பியல் வாத்தியாரிடம் நீங்கள் எப்படி வாதாடினீர்கள் என்று ஐயாவைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கென்ன பயம்? ஆம்பேரும் பிரெஞ்சுக்காரர், கூலும்ங்கிறவரும் பிரெஞ்சுக்காரர், ரெண்டு பேரும் எங்க ஆளுங்க. வோல்ட்டு இத்தாலிக்காரர், அவருக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

ஐயாயிரமா, நூற்றைம்பதா?

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். வீட்டு இன்வெர்ட்டருக்கு நூற்றைம்பது ஏ.ஹெச். பேட்டரியைக் காட்டினேன். விலையைக் கேட்டதும் கைப்பையிலிருந்து போனை எடுத்து அட்டைப்பெட்டிப் படத்தைக் காட்டினார். அதில் பேட்டரி ஐயாயிரம் என்று போட்டிருந்தது. உள்ளங்கை அளவு போனுக்குப் போன்காரன் ஐயாயிரம் கொடுக்கிறான், கொழுத்த கிடா கனம் கனக்கிற உங்கள் பேட்டரி நூற்றைம்பதுதானா என்று கேட்டார். கூட நின்ற வாடிக்கையாளர் இருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

போனில் போட்டிருப்பது மில்லி ஆம்பியர்-மணி என்று விளக்கினேன். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் ஐயாயிரத்தை என் கணக்கில் எழுதினால் வெறும் ஐந்து. அதிலும் போன் பேட்டரிக்கு வோல்ட் நாலுகூட முழுசாக இல்லை, இதற்குப் பன்னிரண்டு. நான் மில்லியில் எழுதினால் இந்தப் பேட்டரி ஒன்றரை லட்சம். அந்த அம்மா போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப போன்காரன் பெருசா போட்டு ஏமாத்துறான், நீங்க சின்னதா போட்டு ஏமாத்துறீங்க."

கடைமடை

ஏ.ஹெச்.ஐ விளக்க எல்லாரும் தண்ணீரைத்தான் உதாரணம் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், நெரவியிலிருந்து ஒரு டிராக்டர்காரர் வரும் வரையில். அவர் வண்டியில் இருந்தது எண்பத்தெட்டு ஏ.ஹெச். கடையில் அது இல்லை, நூறு இருந்தது. பன்னிரண்டு கூட இருந்தால் செல்ஃப் மோட்டார் எரிந்துவிடுமே என்று பயந்தார். இப்படி பயப்படுகிறவர்கள் நிறைய. அதனால் பொறுமையாகச் சொன்னேன். ஏ.ஹெச். என்பது தள்ளுகிற வேகம் அல்ல, இருப்பு. தொட்டி பெரிதானால் குழாயில் தண்ணீர் பீறிட்டு அடிக்காது. மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். மீதி தொட்டியிலேயே நிற்கும்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு பேட்டரியைச் சுற்றி வந்தார். பிறகு நூறையே மாட்டச் சொன்னார். மாட்டினேன், முதல் திருகலிலேயே வண்டி பிடித்தது. புறப்படும்போது எனக்கு ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு தண்ணீர் உதாரணத்தை விட்டுவிட்டேன். "மத்தவங்ககிட்ட தண்ணிக் கதைய சொல்லுங்க, எங்ககிட்ட வேணாம். ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரங்க நாங்க. வந்தா மொத்தமா வந்து வயல முழுகடிக்கும், இல்லாட்டி வரவே வராது. வேண்டியத மட்டும் எடுத்துக்கிறதெல்லாம் நாங்க பார்த்ததில்ல."

தடைக்காலம்

மீன்பிடித் தடைக்காலம் முடியும் வாரம் எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. இரண்டு மாதமாக லாஞ்சில் சும்மா கிடந்த பேட்டரிகள் ஒரே நாளில் வரும். அப்படி வந்த செல்வமணி, கேரண்டியில் புதுசு கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். போட்டை நிறுத்தும்போது முழுக்கச் சார்ஜ் இருந்தது, அதன்பின் ஒருவரும் தொடவில்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை, அப்படியானால் சரக்கை யார் தின்றது என்பது அவர் வாதம். குரல் மேலே போய்க்கொண்டிருந்தது.

பேட்டரி சும்மா இருந்தாலும் உள்ளுக்குள் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். பழைய பேட்டரி, வெயில் காலம், இரண்டு மாதம். நூறில் அறுபது நின்றாலே பெரிசு என்றேன். அதனால்தான் மாதம் ஒருமுறை கொண்டுவந்து சார்ஜ் ஏற்றுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கத்துகிறேன். அவர் ஏற்கவில்லை. மீன் கூடையை இறக்கிவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம்தான் வழக்கை முடித்து வைத்தார். "சார்ஜ் ஏத்திக் கொடுங்கண்ணே. ரெண்டு மாசம் வேலைக்குப் போகாம படுத்திருந்ததுல இவரே பாதியாயிட்டாரு, பேட்டரி என்ன பண்ணும்?"

இரண்டேமுக்கால் மணி

போன ஐப்பசியில் புயல் மழை. காலை ஏழு மணிக்குப் போன கரண்ட் வரவில்லை. பத்து மணிக்குக் கடை போன் அடித்தது. "ராமலிங்கம் பேசுறேன்" என்று குரல் கேட்டது. ஏழு வருடத்தில் முதல் தடவை. அவர் மனைவிக்கு நுரையீரலில் தொந்தரவு. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே வேறு கடையில் நூற்றைம்பது ஏ.ஹெச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார். மெஷின் முப்பத்தைந்து ஆம்பியர் இழுக்கும், நூற்றைம்பதை அதால் வகுத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் வரும் என்று கணக்கு. இரண்டேமுக்கால் மணியில் நின்றுவிட்டது. கைவசம் இருந்த சின்னச் சிலிண்டரில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் காற்று. ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார், சாலையில் மரம் விழுந்து வழி இல்லை.

முழுக்கச் சார்ஜ் ஏறிய நூற்றைம்பது ஏ.ஹெச். புது பேட்டரி இரண்டை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சந்து சந்தாகச் சுற்றிப் போனேன். பொய் சொல்ல மாட்டேன். வழியெல்லாம் அவர் முன்னால் என்ன கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். உள்ளே போய் அந்த அம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுக்கிறதைப் பார்த்ததும் ஸ்பேனரைத்தான் கேட்டேன். வயரை நான் தயார் செய்கிற நேரத்துக்குப் பழைய இன்வெர்ட்டரையே போடுங்கள் சார், ஓடும் என்றேன். அது செத்துப்போச்சே என்றார். போடுங்கள் என்றேன். முக்கால் மணி நேரம் ஓய்ந்து கிடந்த பேட்டரியில் மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடியது. சிலிண்டரில் அந்த அளவு மிச்சம். அதற்குள் பழையதைக் கழற்றிவிட்டு, புதுசு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தேன். ஒவ்வொன்றும் பாதிச் சுமைதான் தூக்கும். மெதுவாக எடுக்கிறதால் இரண்டு மடங்குக்கு மேலேயே வரும், ஏழு மணி நேரம் தாராளமாக ஓடும் என்றேன். சாயந்தரம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோதும் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் வரும் வரை நானும் நகரவில்லை. சிலிண்டரைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இடையில், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அந்த அம்மாளுக்கு மூச்சு சீரானது. சார் பழைய பேட்டரி முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். தனக்குத்தானே கேட்பதுபோல், மீதி எங்கே போச்சு என்று கேட்டார். "எங்கயும் போகல சார். உள்ளதான் இருக்கு. அவசரப்பட்டா வராது" என்றேன். அந்த அம்மாள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். அன்றைக்குக் கடையில் நடந்ததை நீங்கள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை என்று சாரிடம் சொன்னார். என்னைக் காட்டி, இப்பவாவது தம்பிகிட்ட சொல்லிடுங்களேன் என்றார். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கரை நெருங்கிக் குனிந்து பார்த்தார், மூலையில் இருந்த சி-20ஐ விரலால் தடவினார். நான் காத்திருந்தேன். "இவ்வளவு சின்ன எழுத்துல போட்டா யார் படிப்பா?"

அதற்குப் பிறகு சார் கடைக்கு வருகிறார். மாதம் நாலு பேரை அனுப்பியும் வைக்கிறார். கலியபெருமாள் கடையில் சரக்கு நல்லா இருக்கும் என்று சொல்கிறாராம். பாராட்டு வேறு, எனக்கு வரவேண்டியது வேறு. போன வாரம்கூட மண்டப மேனேஜரும் அவரும் என் கடையில் ஒரே நேரத்தில் நின்றார்கள். சார் வாயைத் திறந்தார், டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பாட்டில் கேட்டார்.

மூவாயிரத்து அறுநூறு கூலும் சேர்ந்தால் ஓர் ஆம்பியர்-மணி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரிடம் எனக்கு வரவேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது; நானும் அவசரப்படாமல், முழுசாக வரட்டும் என்று மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.